தினமும் நற்செய்தி வாசிக்க நான்கு வழி: உங்களுக்கு எது ஒத்துவரும்?

போன மாதம் ஒரே வாரத்துக்குள் மூன்று பேர் என்னிடம் கிட்டத்தட்ட ஒரே கேள்வியைக் கேட்டார்கள். குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிற என் மச்சினன், "அத்தான், தெனமும் கொஞ்சம் வேதம் வாசிக்கணும்னு நினைக்கேன், எதுல தொடங்கணும்னுதான் தெரியல" என்றான். ஆஸ்பத்திரியில் நர்சாக இருக்கும் சித்தி மகள் ஏற்கெனவே மூன்று விதமாக முயன்று மூன்றையும் பாதியில் விட்டவள், அவளுக்கு இனி எதைப் பிடிப்பது என்று குழப்பம். மூன்றாவது ஆள் தூத்தூர்க்காரன், என்னோடு படித்தவன், ஆழ்கடல் படகில் போனால் வாரக்கணக்கில் கரைக்கு வரமாட்டான். "நீ தெனமும் ஏதோ வாசிக்கியாம்லா, எனக்குத் தோதா ஒண்ணு சொல்லு" என்று போனில் கேட்டான், நான் வாயைத் திறப்பதற்குள் சிக்னல் போய்விட்டது.

எனக்கு இறையியல் பட்டம் ஒன்றும் கிடையாது. தினமும் மார்த்தாண்டத்தில் பஸ் ஏறி நாகர்கோவிலில் இறங்கி வேலைக்குப் போய் வருகிறவன். நான் கத்தோலிக்கன், மனைவி நெய்யூர் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம், அதனால் வீட்டில் இரண்டு பைபிள், இரண்டு வகை செபம், இரண்டு வகை பழக்கம். பதினைந்து வருடமாகத் தொடங்குவது, விடுவது, கொஞ்ச நாள் வெட்கப்படுவது, மறுபடி தொடங்குவது என்றே போய்க்கொண்டிருக்கிறது. ஒரு புத்தாண்டுக்கு நல்ல தடி அட்டை போட்ட நோட்டு வாங்கி, வாசித்ததைப் பற்றித் தினமும் அரைப் பக்கம் எழுதுவதாக முடிவு செய்தேன். ஜனவரி 19ஆம் தேதியோடு அது நின்றது, மீதிப் பக்கங்களில் பிள்ளைகள் கணக்குப் போட்டார்கள். இப்படித் தோற்றுத் தோற்றுத் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன். நற்செய்தி என்று நான் சொல்வது இயேசுவின் வாழ்க்கையைச் சொல்கிற மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் என்ற நான்கு நூல்களை.

எதை வைத்து அளப்பது

எல்லாரும் "எது நல்ல வழி" என்றுதான் கேட்கிறார்கள். நான்குமே நல்ல வழிதான், அதனால் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காது. அளவுகோலை முதலில் எடுத்து வைத்தால் கொஞ்சம் தெளியும்.

முதலில் நேரம். எத்தனை நிமிஷம் என்பதைவிட எந்த நிமிஷம் என்பதுதான் சிக்கல். இருபது நிமிஷம் யாருக்கும் கிடைக்கும், ஆனால் அது தூக்கம் கலையாத இருபதா, அடுப்பில் மீன்குழம்பு கொதிக்கிற இருபதா, பஸ்சில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற இருபதா என்பதைப் பொறுத்து வழியே மாறிவிடும்.

அடுத்து, விட்டுப்போனால் திரும்பி வருவது எவ்வளவு சுலபம். ஏனென்றால் கட்டாயம் விட்டுப்போகும். வீட்டில் கல்யாணம் வரும், காய்ச்சல் வரும், ஊர்த் திருவிழா பத்து நாள் வரும் (கோயில் திருவிழா நாட்களில்தான் பைபிளை அதிகம் தொடாமல் இருக்கிறோம் என்பது வேறு கதை). பத்து நாள் கழித்து வந்தால் அந்த வழி உங்களைச் சேர்த்துக்கொள்கிறதா, கடன்காரன் மாதிரி வாசலில் நிற்கிறதா?

மூன்றாவதை நான் சாயங்காலச் சோதனை என்று வைத்திருக்கிறேன். மாலை ஐந்து மணிக்கு, காலையில் என்ன வாசித்தோம் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். ஒரு சொல்லாவது நினைவிருக்கிறதா, அதனால் அன்றைக்கு யாரிடமாவது கொஞ்சம் வேறு மாதிரி நடந்துகொண்டோமா. இல்லை என்றால் வாசித்தது வாயோடு போய்விட்டது.

நான்காவதுதான் என் கணக்கில் பெரியது: பகுதியைத் தேர்ந்தெடுப்பது யார்? என் மனைவியின் பைபிளுக்குள் வருடா வருடம் புத்தாண்டு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டைகள் ஒரு கட்டு இருக்கிறது. எல்லாமே ஆறுதலான வசனம்தான், கஷ்ட காலத்தில் தாங்கிப் பிடித்தவைதான், குறை சொல்லவில்லை. ஆனால் லூக்கா 6:24 அந்தக் கட்டில் ஒரு தடவைகூட வந்ததில்லை. செல்வர்களைப் பார்த்து "ஐயோ" என்று இயேசு சொல்கிற இடம் அது. யாரும் அதை அட்டையில் அச்சடிக்க மாட்டார்கள். நாமே தேர்ந்தெடுத்தாலும் அப்படித்தான், கை தானாக ஆறுதல் சொல்கிற யோவான் 14 பக்கம் போகும். நமக்கு வேண்டியதை மட்டும் வாசித்துக்கொண்டிருந்தால் நாம் எங்கே வளர? நாம் கேட்காத ஒன்று வந்து எதிரே நிற்க வேண்டும். ஒவ்வொரு வழியும் எந்தப் பகுதியிலிருந்து நம்மைத் தப்பிக்க விடுகிறது என்பதைத்தான் நான் மறைசெலவு என்று சொல்லப்போகிறேன்.

வழி 1: அன்றைய பூசை வாசகம்

கத்தோலிக்கத் திருவழிபாட்டு நாள்காட்டியில் ஒவ்வொரு நாளைக்கும் ஒரு நற்செய்திப் பகுதி குறித்திருக்கும். சுவரில் தொங்குகிற காலண்டரில் தேதிக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும், பார்த்திருப்பீர்கள். இதில் ஒரு ஒழுங்கு இருப்பது பல பேருக்குத் தெரியாது. பொதுக்காலத்து (தவக்காலம், கிறிஸ்து பிறப்புக் காலம் மாதிரியான சிறப்புக் காலங்கள் போக மீதி) வார நாட்களில் 1 முதல் 9ஆம் வாரம் வரை மாற்கு, 10 முதல் 21 வரை மத்தேயு, 22 முதல் 34 வரை லூக்கா. இது வருடா வருடம் மாறாது. ஞாயிற்றுக்கிழமைக்குத் தனிக் கணக்கு, மூன்று ஆண்டுச் சுழற்சி: ஒரு வருடம் மத்தேயு, அடுத்தது மாற்கு, அடுத்தது லூக்கா. யோவான் பெரும்பாலும் தவக்காலத்தின் பிற்பகுதியிலும் பாஸ்கா காலத்திலும் (உயிர்ப்பு ஞாயிறு முதல் பெந்தெகொஸ்தே வரை) வருகிறார்.

பெரிய லாபம், பகுதி உங்கள் கையில் இல்லை. லூக்கா 6:24 வருகிற நாளில் வந்தே தீரும். இரண்டாவது லாபம், பாக்கி கிடையாது. பத்து நாள் விட்டால் பதினோராம் நாள் அன்றைய வாசகத்தைத் திறந்தால் போதும், யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள். மூன்றாவது, ஊரே அதை வாசிக்கிறது. என் அம்மா வளைகுடாவில் இருக்கிற தம்பியோடு போனில் பேசும்போது சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டு அடுத்ததாக "இன்னைக்கு வாசகம் பாத்தியா?" என்றுதான் கேட்பாள். இரண்டு பேருக்கும் நடுவில் கடல் கிடக்கிறது, பேச ஒரு பொதுப் பொருள் இருக்கிறது.

சரி, செலவு என்ன? துண்டு துண்டாக வரும், நடுவில் அறுந்தும் போகும். தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதன் வந்ததும் மாற்கு நின்றுவிடும், தவக்காலமும் பாஸ்கா காலமும் முடிந்து பெந்தெகொஸ்தேக்குப் பிறகுதான் பொதுக்காலம் மறுபடி தொடங்கும். நடுவில் சில பகுதிகள் காணாமல்கூடப் போகும். 2024இல் சாம்பல் புதன் பிப்ரவரி 14ஆம் தேதி, பொதுக்காலம் ஆறாம் வாரத்துப் புதன். வழக்கமாக அந்தப் புதனுக்கு மாற்கு 8:22-26, பெத்சாய்தாவில் பார்வையற்றவரை இயேசு இரண்டு தடவை தொட்டுக் குணமாக்குகிற பகுதி. பெந்தெகொஸ்தே முடிந்து ஏழாம் வாரத்தில் தொடர்ந்தபோது அது கழிந்துவிட்டிருந்தது. நாள்காட்டியை மட்டும் நம்பியிருந்தவர்கள் அந்த வருடம் வார நாள் பூசையில் அந்த மனிதரைச் சந்திக்கவே இல்லை. வேறு எந்த நற்செய்தியிலும் அவர் கிடையாது.

இன்னொன்று, வருடா வருடம் அதே வாசகம் என்பதால் நாலைந்து வருடத்தில் காது பழகிவிடும். முதல் வரி கேட்டதும் "ஆ, விதைப்பவர் உவமை" என்று மனம் கதவைச் சாத்திக்கொள்ளும்.

யாருக்கு நல்லது: வேலை நேரம் மாறிக்கொண்டே இருப்பவர்களுக்கு, அடிக்கடி விட்டுப்போகிறவர்களுக்கு, வார நாளில் பூசைக்குப் போகிறவர்களுக்கு, குடும்பம் நாலு ஊரில் சிதறிக் கிடக்கிறவர்களுக்கு.

வழி 2: ஒரு நற்செய்தியை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை

மத்தேயு 28, மாற்கு 16, லூக்கா 24, யோவான் 21. மொத்தம் 89 அதிகாரம். நாளுக்கு ஒன்று என்றால் மூன்று மாதத்தில் நான்கும் முடியும். மாற்கை மட்டும் சத்தமாக வாசித்தால் இரண்டு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும், ஒரு சினிமாவைவிடக் குறைவு. பிறந்து ஒரு மாதத்தில் ஞானஸ்நானம் வாங்கி, உறுதிபூசுதல் வாங்கி, கோயிலில் கல்யாணம் கட்டி, நாற்பது வயதாகியும் ஒரு நற்செய்தியைக்கூட முழுசாக வாசிக்காதவர்கள் நம் மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு இருப்பார்கள் என்று நினைக்கிறேன். நானும் முப்பத்தைந்து வயது வரை அப்படித்தான் இருந்தேன்.

தொடர்ச்சியாக வாசித்தால்தான் தெரிகிற விஷயங்கள் உண்டு. முன்னே சொன்ன பார்வையற்றவரையே எடுத்துக்கொள்ளுங்கள். தனியாக வாசித்தால் அது விசித்திரமான புதுமை. முதல் தடவை தொட்டதும் அரைகுறையாகத் தெரிகிறது, மனிதர்கள் மரம் மாதிரித் தெரிகிறார்கள், ஆனால் நடக்கிறார்கள் என்கிறார். இரண்டாவது தடவை தொட்ட பிறகுதான் தெளிகிறது. இயேசுவுக்கு ஏன் இரண்டு தடவை வேண்டியிருந்தது? பஸ்சில் நின்றுகொண்டு எட்டாம் அதிகாரத்தை ஒரே மூச்சில் வாசித்த அன்றைக்குத்தான் எனக்கு அது பிடிபட்டது. அதற்குச் சற்று முன்னால் படகில் சீடர்கள் அப்பம் கொண்டுவரவில்லை என்று பேசிக்கொள்கிறார்கள், கண் இருந்தும் காண்பதில்லையா என்று இயேசு கேட்கிறார். அதற்குப் பிறகு இந்தக் குருடர். அதற்குப் பிறகு உடனே பேதுரு, "நீர் மெசியா" என்று சரியாகச் சொல்கிறார், அடுத்த மூச்சிலேயே சிலுவையைப் பற்றிப் பேசின இயேசுவைத் தனியே அழைத்துக் கடிந்துகொள்கிறார். பேதுருவுக்கும் மனிதர்கள் மரமாகத்தான் தெரிகிறார்கள்! பாதிப் பார்வை கிடைத்திருக்கிறது, இரண்டாவது தொடுதல் இன்னும் பாக்கி. உதயகிரிக் கோட்டையைத் தாண்டிப் பஸ் போய்க்கொண்டிருந்தது, பக்கத்தில் நின்றவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், நான் எதையோ சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

இதன் மறைசெலவு வேறு மாதிரி. பகுதியிலிருந்து தப்பிக்க முடியாது, ஆனால் வேகத்தில் தப்பிக்கலாம். அதிகாரத்தை முடிப்பதே வேலையாகிவிடும். அதிகாரங்களும் ஒரே அளவில்லை. லூக்கா முதல் அதிகாரத்தில் 80 வசனம், மத்தேயு 26இல் 75. அந்த நாட்களில் பாதியில் மூச்சு முட்டும். விட்டுப்போனால் கடன் ஏறும். ஒரு தடவை பதினோரு நாள் விட்டுவிட்டு, சனிக்கிழமை உட்கார்ந்து பதினோரு அதிகாரத்தையும் வாசித்து முடித்தேன். அன்றைக்குச் சாயங்காலச் சோதனையில் ஒரு வரிகூட மிஞ்சவில்லை, அட்டவணையில் பதினோரு டிக் மட்டும் இருந்தது. இப்போது தேதி போட்ட அட்டவணையே வைத்துக்கொள்வதில்லை, நின்ற இடத்தில் ஒரு நூல், அவ்வளவுதான்.

மத்தேயுவில் தொடங்காதீர்கள். புதிய ஏற்பாட்டில் முதலில் இருக்கிறது என்பதற்காக அதில் தொடங்கி, ஆபிரகாமிலிருந்து வருகிற வம்ச வரிசையில் மாட்டி, செருபாபேலைத் தாண்டாமல் நின்றுபோனவர்களை எனக்குத் தெரியும். மாற்கு சின்னது, ஓட்டமாக ஓடும். அதில் தொடங்குங்கள்.

யாருக்கு நல்லது: நாள்தோறும் ஒரே நேரத்தில், இடைஞ்சல் இல்லாத அரை மணி நேரம் கிடைக்கிறவர்களுக்கு. முழு நற்செய்தியை ஒரு தடவையாவது வாசிக்காத எவருக்கும்.

வழி 3: கொஞ்சம் வாசித்து, நிறைய நேரம் அங்கேயே இருப்பது

இதில் இரண்டு வகை. ஒன்று துறவிகளின் வழி, லெக்சியோ திவினா என்பார்கள். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் குய்கோ என்ற கார்த்தூசியத் துறவி அதை நாலு படி ஏணியாக எழுதிவைத்தார்: வாசிப்பது, அசைபோடுவது, செபிப்பது, சும்மா இருப்பது. ஐந்தாறு வசனம் போதும். இரண்டு மூன்று தடவை மெதுவாக வாசித்து, எந்தச் சொல் தைக்கிறதோ அதில் நின்றுவிட வேண்டும்.

இன்னொன்று, இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியாரின் வழி. காட்சிக்குள் நாமே போய் நிற்பது: யார் இருக்கிறார்கள், என்ன பேசுகிறார்கள், என்ன வாசனை, நான் எங்கே நிற்கிறேன். கடைசியில் இயேசுவோடு நண்பனோடு பேசுவது மாதிரிப் பேச்சு. கோட்டாறு சவேரியார் கோயிலுக்கு வருடம் தவறாமல் போகிறோம், அந்தச் சவேரியார் 1534இல் பாரிசில் இஞ்ஞாசியாரோடு சேர்ந்து வார்த்தைப்பாடு கொடுத்தவர், இந்தத் தியானத்தில் பழகித்தான் கப்பல் ஏறியவர். ஆக, நம் ஊருக்கு இது ஒன்றும் அந்நியச் சரக்கு இல்லை.

யோவான் 21ஐ இப்படிச் செய்து பாருங்கள். விடியற்காலை, கரையில் ஒருவர் நிற்கிறார், இரவு முழுக்க வலை வீசியும் ஒன்றும் இல்லை. கரமடி இழுக்கிற கரையில் விடியலில் ஒரு தடவையாவது நின்றவர்களுக்கு அந்த ஈர மணலும், ஒன்றும் கிடைக்காத நாளில் யாரும் யார் முகத்தையும் பார்க்காமல் வலையை மடிக்கிற மௌனமும் தெரியும். அப்புறம் 153 பெரிய மீன். கரை ஏறினால் கரி நெருப்பு, அதன்மேல் மீன், பக்கத்தில் அப்பம். அந்தக் கரி நெருப்பில் நில்லுங்கள். புதிய ஏற்பாட்டில் அந்தக் கிரேக்கச் சொல் இரண்டே இடத்தில்தான் வருகிறது, இரண்டுமே யோவானில். மற்றது 18ஆம் அதிகாரம், தலைமைக் குருவின் முற்றத்தில் பேதுரு குளிர்காய்ந்துகொண்டே "நான் அவருடைய சீடன் இல்லை" என்று மறுத்த கரி நெருப்பு. மூன்று தடவை மறுத்தவரை மறுபடி ஒரு கரி நெருப்புப் பக்கத்தில் உட்காரவைத்துத்தான் மூன்று தடவை "என்மீது அன்பு இருக்கிறதா" என்று கேட்கிறார். பேதுருவுக்கு அந்தப் புகை வாசனை மூக்கில் ஏறியபோது எப்படி இருந்திருக்கும்? எனக்கு இதில் நாலு நாள் போனது. அந்த நாலு நாளில் ஒரு நாள், இரண்டு வருடமாகப் பேசாதிருந்த ஒருவருக்குப் போன் செய்தேன். அவர் எடுக்கவில்லை. ஆனாலும் செய்தேன்.

சாயங்காலச் சோதனையில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. செலவும் அதற்கேற்ப அதிகம். அமைதியான இருபத்தைந்து நிமிஷம் வேண்டும், காலை ஐந்தரைக்கே ஒலிபெருக்கி தொடங்குகிற நம் ஊரில் அது லேசில்லை. களைப்போடு உட்கார்ந்தால் நாலாவது படி நேரே தூக்கத்தில் போய் முடியும். பகுதியை நாமே எடுப்பதால் பிடித்த காட்சிகளுக்கே திரும்பத் திரும்பப் போவோம், நம் ஆசையை இயேசுவின் வாயில் வைத்துப் பேசவைக்கிற ஆபத்தும் உண்டு. எனக்கு இது நடந்திருக்கிறது: ஒரு மாதம் முழுக்க இயேசு என்னோடு எல்லாவற்றிலும் ஒத்துப்போனார்.

இன்னொரு செலவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஒரு தியானத்தில், கண்ணை மூடி மாற்கு 4இன் படகில் ஏறச் சொன்னார்கள், புயல் அடிக்கிறது, இயேசு தலையணை வைத்துத் தூங்குகிறார். எனக்கு இரண்டு வரிசை முன்னால் இருந்த ஒரு அம்மா எழுந்து வெளியே போனார். 2017 நவம்பர் கடைசியில் வந்த ஓக்கிப் புயலில் மகனை இழந்தவர். அவர் மகன் போன படகில் யாரும் எழுந்து காற்றை அதட்டவில்லையே. எல்லாக் காட்சியும் எல்லாருக்கும் இல்லை. இஞ்ஞாசியார் தம் பயிற்சிகளைத் தனியாக வாசிக்கிறவருக்காக எழுதவில்லை, இன்னொருவரை அதில் நடத்திக்கொண்டு போகிறவருக்காகத்தான் எழுதினார். அதை மறந்துவிட்டுச் செய்தால் ஆறாத புண்ணைக் கிளறிவிடும்.

யாருக்கு நல்லது: நற்செய்தி ஓரளவு பழகிய பிறகு, வறண்டுபோனவர்களுக்கு. ஒரு அருட்தந்தையோ அருட்சகோதரியோ போதகரோ, மாதத்துக்கு ஒரு தடவை பேச ஆள் இருந்தால் இன்னும் நல்லது.

வழி 4: போனில் வரும் சிந்தனை

காலை ஐந்து மணிக்கே வந்துவிடும், பத்து நிமிஷ ஒலிப்பதிவு, நற்செய்திப் பகுதியும் விளக்கமும். இதை இளக்காரமாகப் பேசுகிறவர்கள் உண்டு, நான் அந்தக் கட்சி இல்லை. கண் மங்கிய பாட்டிக்கு, எழுத்துக் கூட்டத் தெரியாதவருக்கு, இரண்டு கையும் வேலையில் இருக்கிறவருக்கு வேறு வழி என்ன? சவேரியார் இந்தக் கரையில் கையில் மணியடித்துக் கூட்டம் சேர்த்து, தமிழில் மனப்பாடமாகச் சொல்லிச் சொல்லித்தான் செபம் கற்றுக்கொடுத்தார். காது வழியாக வருவது மட்டம் இல்லை.

ஆனால் ஒரு நாள் கடிகாரம் வைத்துப் பாருங்கள். வேதப்பகுதி ஒரு நிமிஷம், பேச்சு ஒன்பது நிமிஷம். சாயங்காலம் நினைவில் நிற்பது பேசினவர் சொன்ன கதையாக இருக்கும். பகுதியைத் தேர்ந்தெடுப்பது பேசுகிறவர், அதிகம் பேர் கேட்பது எது என்று அவருக்கும் தெரியும், அதனால் கொஞ்ச நாளில் இதுவும் வாக்குத்தத்த அட்டை மாதிரி ஆகிவிடலாம். அப்புறம் போன் என்பது போன்தான். ஒலிப்பதிவைத் திறக்கப் போய்ச் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணப் படத்தில் அரை மணி நேரம் போகும். நான் ஒரு காலத்தில் இப்படி ஐந்து குழுவில் இருந்தேன். ஒன்றில் பத்துப் பேருக்கு அனுப்பினால் அற்புதம் என்றார்கள், இன்னொன்றில் வாரம் ஒரு காணிக்கை வேண்டுகோள், மூன்றாவது ஆறு மாதத்தில் வீட்டுமனை விற்கிற குழுவாக மாறிவிட்டது. இப்போது ஒன்றுதான் வைத்திருக்கிறேன், அன்றைய நாள்காட்டி வாசகத்தையே எடுத்துப் பேசுகிற ஒன்று. அதிலும் வாசகம் முடிந்ததும் நிறுத்திவிட்டு மூன்று நிமிஷம் நானாக யோசித்த பிறகுதான் விளக்கத்தைப் போடுவேன். அந்த மூன்று நிமிஷத்தில் எல்லாமே மாறுகிறது.

யாருக்கு நல்லது: வாசிக்க முடியாதவர்களுக்கு, சமையலறையிலும் பயணத்திலும் மட்டுமே நேரம் கிடைக்கிறவர்களுக்கு, தொடக்கப் பழக்கம் பிடிக்கிற முதல் இரண்டு மாதத்துக்கு.

ஒரே பார்வையில்

| | நாள்காட்டி வாசகம் | தொடர் வாசிப்பு | நின்று தியானிப்பது | போன் சிந்தனை |
|---|---|---|---|---|
| நேரம் | 5-10 நிமிஷம் | 10-30 நிமிஷம் | 25 நிமிஷம், அமைதி வேண்டும் | 10 நிமிஷம், எங்கும் |
| பகுதியை எடுப்பது | திருச்சபை | நூலே | நீங்கள் | பேசுகிறவர் |
| விட்டுத் திரும்புவது | மிகச் சுலபம் | கடன் ஏறும் | சுலபம் | சுலபம், விடுவதும் சுலபம் |
| மாலையில் மிஞ்சுவது | பரவாயில்லை | வேகத்தைப் பொறுத்தது | அதிகம் | பேச்சாளரின் கதை |
| மறைசெலவு | துண்டு துண்டு, பழகிய காது | முடிக்கிற அவசரம் | நம் குரலையே கேட்பது, பழைய காயம் | போன் |

இதோடு அன்பியத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்

அன்பியக் கூட்டமோ (பங்கில் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து வேதம் வாசித்துச் செபிக்கிற சிறு குழு), சி.எஸ்.ஐ.யில் வீட்டு ஜெபக்கூட்டமோ தினமும் நடப்பதில்லை, அதனால் ஐந்தாவது வழி என்று எண்ணவில்லை. ஆனால் மேலே சொன்ன எதையும் தனியாகவே செய்துகொண்டிருந்தால் ஒரு கட்டத்தில் நம் தலைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருவோம். எங்கள் அன்பியத்தில் மீன் விற்கிற ஒரு அக்கா, திராட்சைத் தோட்டத்து வேலையாட்கள் உவமையை வாசித்து முடித்ததும், "கடைசியா வந்தவனுக்கு மொதல்ல கூலி குடுத்தாரே, அதத்தான் என்னால தாங்க முடியல, எனக்கும் கோவம் வந்திருக்கும்" என்றார். நான் அந்த உவமையை எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன், கோபம் வரவேண்டிய இடம் அது என்று தோன்றியதே இல்லை.

தேவசகாயம் பிள்ளை (அதுவரை அவர் பெயர் நீலகண்ட பிள்ளை) 1745இல் ஞானஸ்நானம் பெறக் காரணம் அவர் வாசித்த புத்தகம் இல்லை. வீட்டில் இழப்பு மேல் இழப்பு வந்து நொந்திருந்த நீலகண்ட பிள்ளைக்கு, டிலனாய் உட்கார்ந்து யோபுவின் கதையைச் சொன்னார். குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்ட டச்சுப் படையைச் சேர்ந்தவர் அவர். உதயகிரிக் கோட்டைக்குள் அவர் கல்லறை இருக்கிறது, நான் தினமும் பஸ்சில் அதைத் தாண்டித்தான் போகிறேன். சரியான நேரத்தில் ஒரு ஆள் சொன்ன ஒரு பகுதி 2022இல் ஒரு புனிதர் பட்டம் வரை போய் நின்றிருக்கிறது.

மூன்று பேருக்கும் சொன்னது

சித்தி மகளுக்கு வழி 1. அவள் விட்ட மூன்றும் தேதி போட்டுத் துரத்துகிற திட்டங்கள். நைட் டியூட்டி ஒரு வாரம், பகல் ஒரு வாரம் என்று இருப்பவளுக்கு அது ஆகாது. டியூட்டிக்குப் பஸ் ஏறும்போது அன்றைய வாசகம், விட்டது விட்டதுதான், பின்னால் போய்ப் பிடிக்கக் கூடாது என்றேன். "அண்ணே, விட்டதுக்கு ஒண்ணும் செய்யாண்டாமா?" என்று இரண்டு தடவை கேட்டாள். வேண்டாம்.

தூத்தூர்க்காரனுக்கு அச்சடித்த சின்னப் புத்தகம், பிளாஸ்டிக் உறையில் போட்டு. கரையிலிருந்து கொஞ்ச தூரம் போனதும் வாட்ஸ்அப் செத்துவிடும், நாலாவது வழி அங்கே நடக்காது. 2014 ஏப்ரலில் திருத்தந்தை பிரான்சிஸ் சட்டைப்பையில் வைக்கிற அளவு நற்செய்திப் புத்தகங்களை வத்திக்கானில் புனித பேதுரு சதுக்கத்தில் கூடியிருந்தவர்களுக்கு இலவசமாகக் கொடுக்கச் செய்தார், அந்த மாதிரி ஒன்று. லூக்காவில் தொடங்கி, நாளுக்குப் பத்து வசனம், படகில் கூட இருக்கிறவர்களுக்கும் கேட்கிற மாதிரிச் சத்தமாக. "லூக்கா அஞ்சாம் அதிகாரத்துல ராத்திரி முழுக்க ஒண்ணும் கிடைக்கலன்னு வருமே, அத நாங்க யாரும் விளக்கிச் சொல்லாமலே புரிஞ்சுக்குவோம்" என்று சிரித்தான்.

மச்சினனுக்கு வழி 2, மாற்கு. ரப்பர்க்காரனுக்கு ஒரு வசதி இருக்கிறது. விடியுமுன்னே தலையில் டார்ச் கட்டிக்கொண்டு வெட்டி முடித்துவிட்டால், பால் சொட்டி நிற்க இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். அதுவரை அவன் பாறைமேல் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருப்பான். சிரட்டை நிறைகிற நேரத்தில் ஒரு அதிகாரம் தாராளமாக வாசிக்கலாம். மழை நாளில் வெட்டு இல்லை, அன்றைக்கு வாசிப்பும் இல்லை, அதற்காகக் கவலைப்படவும் வேண்டாம்.

எந்தப் பைபிள் என்று அவன் கேட்டதையும் சொல்லிவிடுகிறேன். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்புத் திருவிவிலியம் இன்றைய தமிழில் இருக்கிறது, தொடர் வாசிப்புக்கு அது ஓடும். மனைவி வீட்டில் வாசிக்கிற பழைய மொழிபெயர்ப்பு மெதுவாகத்தான் போகும், ஆனால் மனசில் ஒட்டுகிற ஓசை அதற்குண்டு. நான் "இறையாட்சி" என்று வாசிக்கிற இடத்தில் அவள் "தேவனுடைய ராஜ்யம்" என்று வாசிப்பாள், எனக்கு அது கேட்டதும் வேறு ஒரு கதவு திறந்த மாதிரி இருக்கும். மச்சினனுக்குச் சின்ன வயதிலிருந்து காதில் விழுந்தது பழையதுதான், அதையே வாசிக்கட்டும்.

நேற்று காலை எட்டரைக்கு அவன் போன் வந்தது. "அத்தான், எட்டாம் அதிகாரத்துல ஒரு குருடன் வாறான். அவன ஏன் ரெண்டு தடவ தொட வேண்டியிருந்துது? மொத தடவ ஏன் சரியாவல?" நான் பஸ்சில் நின்றுகொண்டிருந்தேன். முன்னாலயும் பின்னாலயும் பத்துப் பத்து வசனம் மறுபடி வாசிச்சுப் பாரு மக்கா என்றேன். "மழ தூறுது அத்தான், தண்ணி விழுந்தா பால் போச்சு, எடுத்துட்டு வாசிக்கேன்" என்று வைத்துவிட்டான்.